ஏர்லைனா, கார்ப்பரேட் விமானமா? விமானி வேலை குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் விமானி வேலை பற்றியவை அதிகம். பயணிகள் விமான நிறுவனத்தில் சேர்வதா, தொழிலதிபர்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும் தனி விமானங்களையும் வாடகைக்கு விடப்படும் சார்ட்டர் விமானங்களையும் ஓட்டுவதா என்ற ஒரே கேள்வியைத்தான் பலரும் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பணியாற்றி ஓய்வு பெற்ற விமானி என்ற முறையில், அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 23. 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் பெற்றுவிட்டேன். பயிற்சிக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் இருக்கிறது. ஏர்லைன் அழைப்பு தாமதமாகிறது. இதற்கிடையில், கிங் ஏர் விமானம் வைத்திருக்கும் ஒரு சார்ட்டர் நிறுவனம் கோ-பைலட் வேலை தருவதாகச் சொல்கிறது. முதலில் சிறிய விமானங்களில் மணிநேரம் சேர்த்துக்கொண்டு பிறகு ஏர்லைனுக்குப் போவதே நல்லது என்று யூடியூபில் அமெரிக்க விமானிகள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: அமெரிக்க விமானிகள் சொல்வது அவர்கள் நாட்டுக்குச் சரி, நமக்கு அப்படியே பொருந்தாது. 2009 பிப்ரவரியில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகருக்கு அருகே ஒரு வீட்டின் மீது விழுந்து 50 பேர் உயிரிழந்தனர். அதையடுத்து இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2013 முதல் அங்கே பயணிகள் விமானத்தின் கோ-பைலட்டும் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கு மட்டும் திறமையாகிவிடாது. எப்படியிருப்பினும், 250 மணி நேரத்துடன் பயிற்சிப் பள்ளியை விட்டு வெளியே வரும் அமெரிக்க இளைஞருக்குப் பயிற்றுநராகவோ, சிறிய விமானங்களிலோ மீதி மணிநேரம் சேரும் வரை பறப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த அறிவுரையைத்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தியாவில் அந்தத் தடை இல்லை. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ வழங்கும் கமர்ஷியல் லைசென்ஸும், ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதியான டைப் ரேட்டிங்கும் இருந்தால், 200 மணி நேரம் பறந்தவர் ஏர்லைனின் வலது இருக்கையில் கோ-பைலட்டாக அமரலாம். பலர் அப்படித்தான் அமர்ந்திருக்கிறார்கள். இங்கே உங்களைக் காக்க வைத்திருப்பவை காலியிடமும், தேர்வும், டைப் ரேட்டிங்குக்கு ஆகும் பணமும்தான். ஆகவே, சார்ட்டரில் மணிநேரம் சேர்த்தால் ஏர்லைன் கதவு தானாகத் திறக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள்.

அடுத்து, கணக்கைப் பாருங்கள். கேப்டன் ஆவதற்குத் தேவையான ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் லைசென்ஸுக்கு மொத்தம் 1500 மணி நேரம் வேண்டும். உங்களிடம் இருப்பது போக மீதி 1300. ஏர்லைனில் ஆண்டுக்கு 700, 800 மணி நேரம் பறப்பது சாதாரணம். விதிப்படி உச்சவரம்பு 1000. ஆகவே இரண்டு ஆண்டுகளுக்குள்ளோ, சற்றுக் கூடுதலாகவோ அந்த எண்ணிக்கை வந்துவிடும். தனி விமானங்களில் ஆண்டுக்கு 300 மணி நேரம் கிடைத்தால் அதுவே நல்ல ஆண்டு. அந்த வேகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கிங் ஏர் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிங் ஏர் சி90, பி200 போன்றவை ஒரே விமானி ஓட்டுவதற்குச் சான்று பெற்றவை. அத்தகைய விமானத்தில் அரசு விதியின் காரணமாக இரண்டாவது விமானியாக அமர்ந்தால், அந்த நேரத்தில் பாதிக்கு மேல் உயர்நிலை லைசென்ஸுக்கான மொத்தக் கணக்கில் சேராது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொதுவிதி. 300 மணி நேரம் பறந்து 150 மட்டுமே கணக்கில் ஏறினால், நான்கு ஆண்டுகள் எட்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிடும். வேலையில் சேர்வதற்கு முன்பே, உங்கள் மணிநேரம் லாக் புத்தகத்தில் எந்தப் பத்தியில் பதிவாகும் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்முகத்தேர்வில் பெரும்பாலான இளைஞர்கள் சம்பளத்தைக் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

சார்ட்டர் கோ-பைலட்டின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பயணி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நீங்கள் விமானத்தருகே இருப்பீர்கள். என்ஜின் உறைகளையும், வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாயின் உறையையும் நீங்களே கழற்றி எண்ணி உள்ளே வைக்க வேண்டும். எரிபொருள் வண்டியை அழைப்பது, சாப்பாட்டுப் பெட்டியில் கேட்டது வந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஐஸ் வாங்கி நிரப்புவது, பெட்டிகளை எடை பார்த்துப் பின்புறம் அடுக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. போய் இறங்கும் விமான நிலையம் எத்தனை மணிக்கு மூடுகிறது, அங்கே நிறுத்த இடம் இருக்கிறதா, அது விமானப்படைத் தளமாக இருந்தால் அனுமதி வந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்வதும் நீங்கள்தான். இவற்றைச் சிறுமையாக நினைப்பவருக்கு இந்த வேலை ஒத்து வராது. ஆனால், ஒரு பறத்தல் நடப்பதற்குப் பின்னால் எத்தனை வேலை இருக்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத் தரும் இடமும் வேறில்லை. ஏர்லைனில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை இருப்பதால், பத்தாண்டு அனுபவமுள்ள கேப்டனுக்கும் இவற்றில் பாதி தெரியாமல் போகலாம்.

என் கருத்து இதுதான்: ஏர்லைன் அழைப்பு வந்தால் முதலில் ஏர்லைனுக்கே போங்கள். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. தொடக்க ஆண்டுகளில் வெவ்வேறு கேப்டன்களோடு, ஒரே எழுதப்பட்ட முறைப்படி, வாரத்தில் பலமுறை பறப்பதால் படியும் ஒழுங்கை 300 மணி நேரத் தனி விமானத்தில் பெறுவது கடினம். அழைப்பு வரும் வரை வீட்டில் இருப்பதைவிட, ஒழுங்காக நடத்தப்படும் சார்ட்டர் நிறுவனத்தில் சேர்வது நல்லது. பறக்காமல் இருக்கும் விமானியின் கை வெகு சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு நிபந்தனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிச் செலவுக்கு ஈடாக மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று பான்ட் கேட்டால், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்ப அந்தத் தொகை குறையுமா என்பவை தெளிவாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே கையெழுத்திடுங்கள்.

கேள்வி: என் மகள் விமானப் பயிற்சியை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். தனி விமானங்களை ஓட்டும் வேலைதான் பிடிக்கும் என்கிறாள். முன்பின் தெரியாதவர்களோடு, முன்பின் தெரியாத ஊர்களில் தங்க நேரிடுமே என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. தடுப்பது சரியா?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. உலக சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் மகள் தனியாள் அல்லள். ஆனால் உங்கள் கவலையை அப்படியே நிறுவனத்திடம் கேட்கும் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். பெரிய ஏர்லைனில் நள்ளிரவு வீட்டு வாசலுக்கு வண்டி வருவது, வெளியூரில் தங்கும் விடுதி, மகப்பேறு காலத்தில் பறக்கத் தடை இருக்கும்போது தரைப்பணி, புகார் கொடுக்கும் குழு ஆகியவை ஏற்கெனவே அமைப்பாக நடந்துகொண்டிருக்கும். நான்கு விமானிகள் மட்டுமே உள்ள சிறு நிறுவனத்தில் இவற்றில் பலவற்றை முதன்முதலாகக் கேட்கும் ஆளாக உங்கள் மகளே இருக்கக்கூடும். அங்கே தங்குமிடத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், விமானிகளின் அறைகள் தனித்தனியா, கர்ப்ப காலத்தில் சம்பளம் என்னவாகும் என்பவற்றை வேலை உத்தரவிலேயே எழுதித் தரச் சொல்லட்டும். எழுதித் தரத் தயங்கும் இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கட்டும். அவளுக்குப் பிடித்த பறத்தலை விட்டுவிடச் சொல்ல இது காரணம் ஆகாது.

கேள்வி: எனக்கு வயது 41. ஏர்லைனில் கேப்டன். குடும்பம் சென்னையில். இரவுப் பறத்தல் உடம்பை வாட்டுகிறது. ஒரு தொழில் குழுமம் தன் ஜெட் விமானத்துக்குக் கேப்டனாக வரச் சொல்கிறது. மாதத்தில் பத்து, பன்னிரண்டு நாள்தான் பறத்தல் என்கிறார்கள், சம்பளமும் குறைவில்லை. வெளியில் தெரியாத சங்கடங்கள் எவை?
– ஒரு கேப்டன், சென்னை

பதில்: உங்கள் களைப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிஜிசிஏ திருத்திய பணிநேர விதிகளின்படி, 2025 ஜூலை முதல் வாராந்தர ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. நவம்பர் முதல் இரவுநேரத் தரையிறக்கங்களுக்கும் கடுமையான வரம்பு வந்தது. அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகள் இல்லாததால் டிசம்பரில் இண்டிகோவின் ஆயிரக்கணக்கான பறத்தல்கள் ரத்தாயின. விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியதாயிற்று. காகிதத்தில் உள்ள ஓய்வு, ரோஸ்டர் எனப்படும் பணி அட்டவணைக்கு வந்து சேர எவ்வளவு இழுபறி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனினும், களைப்பிலிருந்து தப்பிக்க மட்டும் கார்ப்பரேட்டுக்குப் போகாதீர்கள். பறப்பது பன்னிரண்டு நாள்தான் இருக்கும்; தொலைபேசிக்குக் காத்திருப்பது முப்பது நாளும் இருக்கலாம். அடுத்த மாதம் 14ஆம் தேதி பிள்ளையின் பள்ளி விழாவுக்குப் போக முடியுமா என்று ஏர்லைன் ரோஸ்டரைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே 13ஆம் தேதி இரவுதான் தெரியும். வார இறுதி வீட்டில் கழியும் என்றும் நம்பாதீர்கள். முதலாளியின் குடும்பம் திருப்பதிக்கும் திருமணங்களுக்கும் கிளம்புவது வார இறுதியில்தான். ஆகவே, மாதத்தில் எந்தெந்த நாள்கள் உங்களை அழைக்கவே கூடாத நாள்கள் என்பதை முன்கூட்டியே குறித்துத் தரும் வழக்கம் அங்கே இருக்கிறதா, ஒரு விமானத்துக்கு எத்தனை கேப்டன்கள் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு விமானத்துக்கு இரண்டே விமானிகள் என்றால், இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே பிரச்சினை தொடங்கிவிடும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. ஒரு சிறிய ஓடுதளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் இறங்க விளக்கு இல்லை. கருவி வழிகாட்டி இல்லை. சூரியன் மறையும் முன் இறங்கியாக வேண்டும். பறக்கும் நேரம் 45 நிமிடம், சூரிய மறைவு 6.10. நாலரைக்குக் கிளம்ப வேண்டிய முதலாளி கூட்டம் முடிந்து வரும்போது மணி 5.10. கதவை மூடி, என்ஜினை இயக்கி, வரிசையில் நின்று மேலெழும்ப இன்னும் பத்து நிமிடமாவது ஆகும். காகிதத்தில் பார்த்தால் கூட்டிக் கழித்துச் சரிக்கட்ட முடிகிற கணக்குதான். வழியில் ஒரு மழைமேகத்தைச் சுற்றிப் போக வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். "முடியாது, அருகில் உள்ள பெரிய விமான நிலையத்துக்குப் போய் அங்கிருந்து காரில் போகலாம்" என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதை யாரிடம் சொல்கிறீர்களோ, அவர்தான் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர். உங்களுக்கு மூன்று மீட்டர் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஏர்லைனில் 180 பயணிகள் கோபப்பட்டாலும் ஒருவர்கூட உங்கள் வேலையைப் பறிக்க முடியாது.

2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கொலராடோவின் ஆஸ்பென் நகருக்குப் போன கல்ஃப்ஸ்ட்ரீம் சார்ட்டர் ஜெட்டின் கதை இதுதான். ஆஸ்பென் மலைகளுக்கு நடுவே இருக்கும் விமான நிலையம். இரவில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. விமானம் தாமதமாகக் கிளம்பியது. வேறு ஊரில் இறங்க நேரிடலாம் என்ற பேச்சு வாடிக்கையாளர் தரப்புக்குப் பிடிக்கவில்லை. சற்று முன் வந்த வேறு விமானங்கள் ஓடுதளம் கண்ணில் படாமல் திரும்பியிருந்தன. இவர்கள் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கி மலைச்சரிவில் மோதினார்கள். 18 பேரும் இறந்தனர். இறங்கியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரிடமிருந்து கேப்டனுக்கு வந்த அழுத்தத்தையும் விபத்துக்குத் துணைபோன காரணமாக அமெரிக்க விசாரணை வாரியம் தன் அறிக்கையில் பதிவு செய்தது.

இன்னொரு விபத்து இதற்கு நேர்மாறானது, யாரும் அவசரப்படுத்தவில்லை. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 மேலெழும்ப முடியாமல் ஓடுதளத்தைத் தாண்டி ஓடி எரிந்து, ஏழு பேர் இறந்தனர். நிறுத்தத்தில் இருக்கும்போது இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பகுதிகள் காற்றில் ஆடாமல் இருப்பதற்காகப் போடும் பூட்டை எடுக்காமலேயே ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். கிளம்பும் முன் ஸ்டியரிங்கை முழுதாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்திருந்தால் அந்தக் கணமே தெரிந்திருக்கும். விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 பறத்தல்களில் 98 விழுக்காட்டில் அந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவில்லை என்று தெரிந்தது. இருவரும் அனுபவசாலிகள், பல ஆண்டுகள் சேர்ந்தே பறந்தவர்கள். ஒருவர் ஒரு படியை விட்டால் மற்றவர் கேட்காமல் இருந்து, கேட்காததே வழக்கமாகிவிட்டது. ஏர்லைனில் ஒவ்வொரு பறத்தலின் தரவும் இறக்கி ஆராயப்படுகிறது. நாளை உங்கள் பக்கத்தில் உட்காரப் போகிறவர் இன்று உட்கார்ந்தவர் அல்லர். அந்தக் கண்காணிப்பு எரிச்சலாகத் தோன்றும். ஆனால், அது இல்லாத இடத்தில் ஒழுங்கை நீங்களே தினமும் உங்கள் மீது சுமத்திக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் வானிலை காரணமாகவோ, பணிநேரம் முடிந்ததாலோ விமானி மறுத்து நின்றுபோன பயணங்கள் உண்டா? ஒன்றுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அதுவே எச்சரிக்கை. தலைமை விமானி யாருக்குக் கட்டுப்பட்டவர். முதலாளியின் செயலாளர் நேராக உங்களை அழைத்து நேரத்தை மாற்றச் சொல்ல முடியுமா? தனி விமான இயக்கத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்-பிஏஓ போன்ற வெளித்தணிக்கை ஏதேனும் உண்டா, சிமுலேட்டர் பயிற்சிக்கு யார் பணம் தருகிறார்கள்? இந்தக் கேள்விகளை இப்போது அங்கே இருப்பவரிடம் மட்டுமல்லாமல், விட்டுப் போனவரிடமும் கேளுங்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால் தாராளமாகப் போங்கள். நன்றாக நடத்தப்படும் கார்ப்பரேட் விமானத்தில் கிடைக்கும் மகிழ்ச்சி தனிரகம். ஒரே வாரத்தில் ஜாம்நகர், டேராடூன், மாலே என்று மூன்று வகையான நிலமும் மூன்று வகையான வானிலையும் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் நீங்களே திட்டமிட்டு, நீங்களே கணக்குப் போட்டு, நீங்களே இறக்குவீர்கள். முதலாளி நல்லவராக அமைந்து, "கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரிக்கும் மனிதராகவும் இருந்துவிட்டால், அந்த வேலைக்கு ஈடில்லை. அப்படிப்பட்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் வேலை பார்த்த ஏர்லைன் மூடப்பட்டு, மாதக்கணக்கில் சம்பளம் நின்றுபோனது. இனி ஏர்லைனே வேண்டாம், பெரிய தொழில் குழுமத்தின் விமானம்தான் நிலையானது என்கிறான். அது சரியா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: உங்கள் மகனின் கசப்பு நியாயமானது. 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் என்று நம் கண்முன்னே பெரிய நிறுவனங்கள் நின்றுபோயின. ஆனால் அவை நின்றபோது நாடே பார்த்தது. தனி விமானத் துறையில் வேலை போவது யாருக்கும் தெரியாது. கம்பெனிக்கு ஒரு மோசமான ஆண்டு வந்தால் முதலில் விற்கப்படுவது விமானம். விமானம் போனால் விமானியும் போக வேண்டியதுதான். முதலாளி காலமாகி, பிள்ளைகளுக்கு விமானத்தில் விருப்பமில்லாமல் போனாலும் அதே கதைதான்.

வேலை போன பிறகு அடுத்த வேலை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஏ320 ஓட்டத் தெரிந்தவருக்கு இந்தியாவில் இண்டிகோ, ஏர் இந்தியா போன்ற நிறுவனங்களில் அதே விமானம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது. கோ ஃபர்ஸ்ட் விமானிகளுக்கு அது பெரிதும் கைகொடுத்தது. ஹாக்கர், ஃபால்கன் போன்ற தனி ஜெட் விமானத்துக்கு டைப் ரேட்டிங் வைத்திருப்பவர் நாடு முழுவதும் விரல் விட்டு எண்ணக்கூடிய வேலைகளுக்குத்தான் போட்டியிட முடியும்; அங்கே இடம் காலியாவது பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் தெரியவரும். அதே சமயம், ஏர்லைனை மாற்றுகிறவர் சீனியாரிட்டி பட்டியலின் அடியில் போய் நிற்க வேண்டும் என்ற இழப்பும் இருக்கிறது. கேப்டனாவது, விடுப்பு, எந்த ஊரில் பணி என்பவற்றில் பலவும் அந்தப் பட்டியலின் வரிசையில்தான் வரும். கார்ப்பரேட்டில் அந்தப் பட்டியல் இல்லை. நேற்றுச் சேர்ந்தவரும் தகுதியிருந்தால் கேப்டனாகலாம், முதலாளிக்குப் பிடிக்காவிட்டால் பத்தாண்டு பணியும் கணக்கில் வராது. விலகும்போது ஏர்லைன் கேப்டனுக்கு 12 மாதமும் கோ-பைலட்டுக்கு 6 மாதமும் முன்னறிவிப்பு வேண்டும் என்று டிஜிசிஏ 2017இல் விதித்ததையும் மகன் மனத்தில் வைத்திருக்கட்டும்.

வெளிநாட்டில் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி உண்டு. ஒரு விமானத்தைப் பலர் பங்கு வைத்து வாங்கிப் பயன்படுத்தும் முறையை வளர்த்த நெட்ஜெட்ஸ் போன்ற நிறுவனங்களில் விமானிகளுக்குத் தொழிற்சங்கம் உண்டு. ஏழு நாள் பணி, ஏழு நாள் ஓய்வு போன்ற நிலையான அட்டவணைகளும் உண்டு. நம் நாட்டில் அந்த அளவுக்கு வளர்ந்த அமைப்பு இன்னும் இல்லை. எங்கே சேர்ந்தாலும், மெடிக்கல் தகுதி போனால் இழப்பீடு தரும் காப்பீட்டை நிறுவனம் எடுத்திருக்கிறதா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சொந்தச் செலவிலாவது எடுத்துவிட வேண்டும். நிறுவனம் மூடுவதைவிட, நாற்பத்தைந்து வயதில் ஒரு இதயப் பரிசோதனை முடிவு எத்தனையோ விமானிகளின் வேலையை நிறுத்தியிருக்கிறது.

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஏர்லைன், கார்ப்பரேட் இரண்டில் எது என்று இப்போதே முடிவு செய்து அதற்கேற்ற பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டுமா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். இரண்டுக்கும் அடிப்படை லைசென்ஸ் ஒன்றுதான். இயற்பியலையும் கணிதத்தையும் நன்றாகப் படியுங்கள். பள்ளி முடிந்ததும், எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டுவதற்கு முன், டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கலையும், தொடர்ந்து முதல் வகுப்பு மெடிக்கலையும் முடித்துவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்கு அங்கேதான் முதன்முதலில் தெரியவருகிறது. பயிற்சிச் செலவு அரைக் கோடி ரூபாயைத் தாண்டக்கூடியது. பெற்றோர் வீட்டை அடமானம் வைத்த பிறகு அந்தக் குறை தெரியவரக் கூடாது. முதலில் இதைச் செய்யுங்கள். எது என்ற கேள்வி ஐந்து ஆண்டு காத்திருக்கும்.

கேள்வி: ஒரு தனியார் கம்பெனியின் சொந்த விமானத்துக்குக் கோ-பைலட்டாக வேலை உத்தரவு வந்திருக்கிறது. சம்பளம் நன்றாக இருக்கிறது. கம்பெனி ஆட்களைத் தவிர, சில சமயம் "தெரிந்தவர்களையும்" ஏற்றிச் செல்ல வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகக் கையில் பணம் தருவோம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இதில் சிக்கல் ஏதும் உண்டா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: பெரிய சிக்கல் உண்டு. இந்தியாவில் ஒரு விமானம் தனியார் பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்யப்பட்டிருந்தால், அதன் உரிமையாளர் தன் சொந்தப் பயணத்துக்கும் தன் நிறுவனத்தாரின் பயணத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம். வெளியாரிடம் பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்லக் கூடாது. வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் என்எஸ்ஓபி எனப்படும் அட்டவணை சாராத இயக்குநர் அனுமதி வேண்டும். அந்த அனுமதியோடு பயிற்சி, பணிநேர வரம்பு, பராமரிப்பு, பாதுகாப்பு அதிகாரி என்று பல பொறுப்புகளும் வரும். அவற்றின் செலவைத் தவிர்க்கத்தான் "தெரிந்தவர்கள்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். விபத்து நேர்ந்தால், பதிவுக்கு மாறான பயன்பாடு என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். விசாரணையில் உங்கள் லைசென்ஸ் எண்ணும் உங்கள் கையெழுத்தும்தான் ஆவணங்களில் இருக்கும். கையில் தந்த பணத்துக்கு எந்தச் சான்றும் இருக்காது.

2019 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா, பிரான்சின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஒரு சிறிய பைப்பர் விமானத்தில் இரவில் கிளம்பி, ஆங்கிலக் கால்வாயில் விழுந்து இறந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த விமானத்தை ஓட்டியவரும் உயிரிழந்தார். அவரிடம் கமர்ஷியல் லைசென்ஸும் இல்லை, இரவில் பறக்கும் தகுதியும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஏற்றிச் செல்ல அந்தப் பயணத்துக்கு அனுமதியும் கிடையாது. அதை ஏற்பாடு செய்தவருக்குப் பின்னர் பிரிட்டிஷ் நீதிமன்றம் 18 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. விமானத்தின் பதிவு எந்த வகை என்று முதலில் கேளுங்கள். தனியார் வகை என்றால், நிறுவனத்தாரைத் தவிர வேறு எவரையும் கட்டணத்துக்கு ஏற்றுவதில்லை என்று வேலை உத்தரவிலேயே ஒரு வரி சேர்த்துத் தரும்படி மரியாதையாக எழுதிக் கேளுங்கள். சேர்த்துத் தந்தால் நம்பிச் சேரலாம். தனியார் வகை விமானத்தில் நேர்மையாகப் பறந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். "அதெல்லாம் எதற்கு, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், அந்த உத்தரவில் கையெழுத்திடாதீர்கள். சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி, வேறு வேலை கிடைக்க ஓராண்டு ஆனாலும் சரி.